ஸ்டெம் செல்லைக் கணையச் செல்லாக்கும் வேதிப்பொருள்கள்: குப்பி குப்பியாக ஒரு மதிப்பீடு

ஸ்டெம் செல்லிலிருந்து இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்லைச் செய்ய, ஓர் ஆய்வகம் இன்று வாங்கிவைக்கும் சிறு மூலக்கூறுகள் பத்துப் பன்னிரண்டு தேறும். எல்லாமே சின்னக் குப்பிகள். சிலவற்றில் தூள் இருக்கிறதா இல்லையா என்றே வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும். விற்பனைக் குறிப்புகள் ஒவ்வொன்றையும் செல்லை மாற்றும் மருந்து என்றே வர்ணிக்கின்றன. ஆனால் இவற்றில் பெரும்பாலானவை எதையும் உண்டாக்குபவை அல்ல, வழியை அடைப்பவை. கல்லீரல் பக்கம் போகும் வழியை ஒன்று அடைக்கும், குடல் பக்கம் போகும் வழியை இன்னொன்று அடைக்கும், திறந்திருக்கும் வழியில் செல் தானாக நடக்கும். அதனால் ஒரு குப்பியை எடைபோட இரண்டு கேள்விகள் போதும். அடைக்க வேண்டியதை மட்டும் அடைக்கிறதா? எடுத்த பிறகு அடைப்பு விலகுகிறதா? முதல் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள். பேட்ச் கெட்டுப்போவது பெரும்பாலும் இரண்டாவது கேள்வியை மறந்த இடத்தில்தான்.

பாதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். பன்முகத் திறன் கொண்ட ஸ்டெம் செல் முதலில் அகப்படைச் செல் (குடல், கல்லீரல், கணையம் எல்லாம் உருவாகும் கருவின் உள் அடுக்கு) ஆகும். பிறகு ஆதிக் குடல் குழாய், பிறகு பிடிஎக்ஸ்1 புரதம் காட்டும் கணைய முன்னோடி, பிறகு பிடிஎக்ஸ்1, என்கேஎக்ஸ்6.1 இரண்டையும் சேர்த்துக் காட்டும் முன்னோடி, பிறகு நாளமில்லாச் சுரப்பிச் செல், கடைசியில் பீட்டா செல். 2006-இல் வந்த ஐந்து கட்ட முறையில் இன்சுலின் வந்தது, ஆனால் செல்கள் ஒன்றுக்கு மேற்பட்ட ஹார்மோன்களைக் கலந்து காட்டின, குளுக்கோஸுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. 2014-இல் டக்ளஸ் மெல்டன் குழு ஆறு கட்டங்களிலும், அலிரெசா ரெசானியா குழு ஏழு கட்டங்களிலும் முறைகளை வெளியிட்டபோதுதான் இது நம்பி இறங்கக்கூடிய வேலையானது. 2020-இல் வந்த தட்டுவழி முறை, உருண்டையாக்கிச் சுழற்றும் குடுவை இல்லாமலே இதைச் செய்ய வழிகாட்டியது. கீழே வரும் அளவுகள் எல்லாம் இந்த மூன்று மரபுகளிலிருந்து வருபவை.

சிர்-99021: முதல் 24 மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம்

பட்டியலில் எதை முதலில் வாங்குவது என்று கேட்டால் இதைத்தான் சொல்வோம். ஜிஎஸ்கே3 நொதியைத் தடுக்கிறது. அதனால் பீட்டா கேட்டனின் சிதையாமல் செல்லுக்குள் சேர்ந்து, வின்ட் என்ற வளர்ச்சிச் சமிக்ஞை கிடைத்ததுபோல் செல் நடந்துகொள்கிறது. முதல் நாள் மட்டும் 3 மைக்ரோமோலார் செறிவு. கூடவே ஆக்டிவின் ஏ என்ற புரதம், மில்லிலிட்டருக்கு 100 நானோகிராம். அடுத்த நாளிலிருந்து ஆக்டிவின் மட்டும்.

இரண்டாம் நாளும் இதை விட்டுவைத்தால் அகப்படைக்குப் போக வேண்டிய செல்கள், இதயமும் தசையும் உருவாகும் நடுப்படைப் பக்கம் சரியத் தொடங்கும். இதயத் தசைச் செல் வளர்ப்பவர்கள் ஆக்டிவின் இல்லாமல் இதே மருந்தை 6 முதல் 12 மைக்ரோமோலார் வரை கொடுத்துத்தான் நடுப்படையை உண்டாக்குகிறார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், ஏன் இவ்வளவு கறாராகச் சொல்கிறோம் என்று புரியும். ஊடகம் (செல் வளரும் ஊட்டத் திரவம்) மாற்றும்போது பழையதை முழுக்க உறிஞ்சி எடுத்து, ஒருமுறை கழுவிவிட்டுப் புதியதை ஊற்றுங்கள். பாதி மாற்றம் செய்து மிச்சத்தை விட்டால் 1.5 மைக்ரோமோலார் இன்னொரு நாள் முழுக்க வேலை செய்துகொண்டிருக்கும்.

குப்பியைப் பற்றி: மூலக்கூறு எடை 465.3. 5 மில்லிகிராம் குப்பியில் 1.07 மி.லி. டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானை ஊற்றினால் 10 மில்லிமோலார் மூலக் கரைசல். உறைநிலையிலிருந்து எடுத்ததும் அப்படியே பைப்பெட் வைத்து உறிஞ்சாதீர்கள். அடியில் மங்கலான வெண்படிவு இருக்கிறதா என்று குப்பியைச் சாய்த்துப் பாருங்கள். இருந்தால் 37 டிகிரியில் சில நிமிடம் வைத்து, வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கி, முழுக்கத் தெளிந்த பிறகு எடுங்கள். படிவோடு எடுத்தால் முதல் சில தட்டுகளுக்கு மருந்து குறைவாகவும் கடைசித் தட்டுகளுக்கு மிகுதியாகவும் போகும். ஒரே நாளில், ஒரே செல்லில், ஒரே கையில் செய்த வேலை தட்டுக்குத் தட்டு மாறுகிறதே என்று பலர் குழம்புவதற்கு இது ஒரு பழைய காரணம்.

முதல் இரண்டு நாட்களில் நிறையச் செல்கள் செத்து மிதக்கும். பயப்பட வேண்டாம், அது வழக்கம்தான். மிதப்பவை போன பிறகு நான்காம் நாள் தட்டில் சாலைக்கல் பாவியதுபோல் நெருக்கமான, கோணலான செல்களின் விரிப்பு தெரிய வேண்டும். நடுவில் சொட்டை விழுந்திருந்தால் குறை மருந்தில் அல்ல, செல் அடர்த்தியில். தட்டுவழி முறைக்குச் சதுர செ.மீ.க்குச் சுமார் 5 லட்சம் செல்கள் வேண்டும். விதைக்கும் நாளில் 10 மைக்ரோமோலார் ஒய்-27632 கட்டாயம். தனித்தனியாகப் பிரித்த மனித ஸ்டெம் செல் இது இல்லாமல் ஒட்டிப் பிழைப்பது அரிது. மறுநாள் வேறுபடுத்தலைத் தொடங்கும்போது இதையும் எடுத்துவிட வேண்டும்.

ஐடிஇ1, ஐடிஇ2: ஆக்டிவினுக்கு மாற்றா?

ஆக்டிவின் ஒரு புரதம். செலவு அதிகம், லாட்டுக்கு லாட் வீரியம் மாறும். அதற்குப் பதில் ஒரு வேதிப்பொருள் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்ற ஆசை நியாயமானது. 2009-இல் மெல்டன் ஆய்வகத்தில் சுமார் 4000 சேர்மங்களைச் சலித்து எடுத்தவைதான் இந்த இரண்டும். எலியின் கரு ஸ்டெம் செல்லையும் மனிதக் கரு ஸ்டெம் செல்லையும் அகப்படைக்குத் திருப்பிக் காட்டின. நூறு, இருநூறு நானோமோலார் அளவிலேயே வேலை செய்பவை.

கண்டுபிடிப்பாக இது பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் பீட்டா செல் செய்வதற்கென்று வாங்குவதானால் எங்கள் பரிந்துரை: வேண்டாம். அதற்குப் பிறகு வந்து நிலைத்த முறைகள் எல்லாமே ஆக்டிவினையோ அதே குடும்பத்துப் புரதத்தையோதான் இன்னும் நம்பியிருக்கின்றன. முதல் கட்டத்தின் முடிவில் அகப்படையின் அடையாளப் புரதங்களான சாக்ஸ்17, ஃபாக்ஸ்ஏ2 இரண்டையும் காட்டும் செல்கள் 90 சதவீதத்தைத் தொடாவிட்டால் பின்னால் வரும் நான்கு வாரமும் வீண். அகப்படைக்கு வராமல் தங்கிவிட்ட செல் பின்னால் என்னவாகும் என்று யாராலும் சொல்ல முடியாது. செலவைக் குறைக்க வேண்டிய இடம் இது அல்ல.

சான்ட்-1: குறை சொல்ல இடமில்லாத குப்பி

கருவில் கணையம் முளைக்கும் இடத்தில் மட்டும் சோனிக் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞை அணைந்திருக்கும். பக்கத்துக் குடல் முழுக்க அது எரிந்துகொண்டிருக்கும். அந்த ஒரு சிறு பகுதியில் அணைப்பது முதுகுநாணிலிருந்து வரும் சமிக்ஞை. தட்டில் முதுகுநாண் இல்லை, அதனால் நாம்தான் அணைக்க வேண்டும்.

முன்பு இதற்குச் சைக்ளோபமீன் பயன்பட்டது. வெராட்ரம் என்ற காட்டுச் செடியிலிருந்து வருவது. சினையாட்டு மந்தைகள் அந்தச் செடியை மேய்ந்து, நெற்றியில் ஒற்றைக் கண்ணோடு குட்டிகள் பிறந்ததைத் தேடிப் போய்த்தான் இந்தப் பொருளே தெரியவந்தது. ஒரு சமிக்ஞையைத் தவறான நாளில் தடுத்தால் உடம்பு என்ன ஆகும் என்பதற்கு அதைவிடக் கடுமையான பாடம் வேண்டியதில்லை. சைக்ளோபமீன் சரியாகக் கரையாது, அமிலத்தில் சிதையும். சான்ட்-1 அதே ஸ்மூதன்ட் புரதத்தைத் தடுக்கிறது, 0.25 மைக்ரோமோலாரே போதும். மூன்றாம் கட்டத்திலிருந்து ஐந்தாம் கட்டம் வரை தொடர்ந்து கொடுக்கலாம். மேலே சொன்ன விதிக்கு இது ஒரு விலக்கு, நீண்ட நாள் இருந்தாலும் தொல்லை தருவதில்லை. பட்டியலில் கண்ணை மூடிக்கொண்டு வாங்கக்கூடிய குப்பி இதுதான்.

ரெட்டினாயிக் அமிலம்: மலிவு, ஆனால் கவனம் கேட்கும்

மூன்றாம் கட்டத்தில் 2 மைக்ரோமோலார், நான்காம் கட்டத்தில் 0.1. இருபது மடங்கு வித்தியாசம். இதைத் தவறவிடுபவர்கள் அதிகம், ஏனென்றால் மூலக் கரைசலை 10 மில்லிமோலாரில் செய்துவைத்துவிட்டு 0.1 மைக்ரோமோலாருக்கு நேராகப் போகப் பார்க்கிறார்கள். அது ஒன்றுக்கு லட்சம் நீர்த்தல். 100 மி.லி. ஊடகத்துக்கு 1 மைக்ரோலிட்டர். எந்தப் பைப்பெட்டும் அதை நம்பகமாக எடுக்காது. இடையில் 0.1 மில்லிமோலார் கரைசல் ஒன்றைச் செய்து, அதிலிருந்து ஆயிரத்தில் ஒரு பங்கு சேருங்கள்.

வெளிச்சம் பட்டால் வடிவம் மாறிவிடும். குப்பி அடர்பழுப்பு நிறத்தில் இருந்தால் மட்டும் போதாது. கலக்கும்போது லேமினார் ஹூட் விளக்கை அணையுங்கள், ஊடகப் புட்டியை அலுமினியத் தாளில் சுற்றுங்கள், கலந்த ஊடகத்தை அன்றன்றே தீர்த்துவிடுங்கள். மூலக் கரைசலைச் சிறு குழாய்களில் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகியதைத் திரும்ப உறைய வைக்காதீர்கள். நல்ல கரைசல் தெளிந்த மஞ்சளாக இருக்கும். ஆனால் நிறம் மாறவில்லை என்பதாலேயே மருந்து நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்ட வேண்டாம்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். கருவில் உறுப்புக் கோளாறு உண்டாக்கும் பொருள் இது. கருவுற்றிருப்பவர்கள், கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்கள் இதன் தூளை எடைபோடவே கூடாது. ஆய்வகத் தலைவர் இந்த வேலையை வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும், கேட்டு வாங்க வேண்டிய சலுகையாக இது இருக்கக் கூடாது.

எல்டிஎன்-193189: உப்பைப் பார்த்து வாங்குங்கள்

பிஎம்பி என்ற வளர்ச்சிப் புரதத்தின் ஏற்பியைத் தடுத்து, கல்லீரல் பக்கம் போகும் வழியை அடைக்கிறது. 100 முதல் 200 நானோமோலார். நல்ல மருந்துதான். தவறு நடப்பது இரண்டு இடங்களில்.

ஒன்று, வாங்கும்போது. இது தனிமூலமாகவும் (உப்பாகாத வடிவம்) வரும், ஹைட்ரோகுளோரைடு உப்பாகவும் வரும். தனிமூலத்தின் மூலக்கூறு எடை 406.5, இரட்டை ஹைட்ரோகுளோரைடின் எடை 479.4. கையில் இருப்பது உப்பு, கணக்குப் போட்டது தனிமூல எடையில் என்றால், 10 மில்லிமோலார் என்று எழுதி ஒட்டிய குழாயில் உண்மையில் இருப்பது சுமார் 8.5. அடுத்த முறை வேறு வடிவம் வந்து இறங்கினால் அளவு திடீரென்று ஏறும். பழைய நோட்டுப் புத்தகத்திலிருந்து மி.லி. கணக்கை அப்படியே எடுத்து எழுதும் பழக்கம்தான் இதற்குக் காரணம். தனிமூலம் டிஎம்எஸ்ஓவில் கரைவதற்கே முரண்டு பிடிக்கும், உப்பு நீரில் கரையும். உப்பை வாங்குங்கள், குப்பி மேல் உள்ள எடையை வைத்து ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போடுங்கள்.

இரண்டாவது, கொடுக்கும்போது. ரெட்டினாயிக் அமிலத்தோடு சேர்த்து பிஎம்பியையும் முன்கூட்டியே தடுத்தால், சில செல்கள் என்கேஎக்ஸ்6.1 வருவதற்குள்ளேயே, ஹார்மோன் செல்லாகும்படி ஏவும் என்ஜிஎன்3 புரதத்தைக் காட்டி, அவசர அவசரமாக ஹார்மோன் செல் ஆகிவிடுகின்றன. அப்படி ஆனவை இன்சுலினையும் குளுக்ககானையும் சேர்த்துக் காட்டும், பிறகு பீட்டா செல்லாகத் தேறுவதில்லை. 2015-இல் பிஎம்பி தடுப்பானை விட்டுவிட்டே செய்து காட்டிய முறையின் அடிப்படையே இதுதான். சுழல்குடுவை முறையில் மூன்றாம் கட்டத்தின் முதல் நாள் மட்டும் கொடுத்து நிறுத்துகிறார்கள். தட்டுவழி முறையில் நான்காம் கட்டம் முடியும் வரை தொடர்கிறது. இரண்டும் அந்தந்த முறையில் சரி. ஒரு முறையின் நாள் கணக்கை இன்னொரு முறையில் கொண்டுபோய்ச் செருகுவதுதான் தவறு. உங்கள் செல் வரிசைக்கு ஒரு நாள், இரண்டு நாள், முழுக் கட்டம் என்று மூன்று தட்டுகளை வைத்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஒரே வாரத்தில் பதில் கிடைத்துவிடும்.

பிகேசி தூண்டிகள்: வேலை செய்யும், கையுறையோடு

இந்தப் பட்டியலில் அடைக்காமல் தூண்டும் மருந்துகள் குறைவு, பிகேசி என்ற நொதியைத் தூண்டும் இவை அவற்றில் ஒரு வகை. தொடங்கிவைத்தது இண்டோலாக்டம்-வி. 2009-இல் 5000 சேர்மங்களைச் சலித்தபோது அகப்படைச் செல்லை பிடிஎக்ஸ்1 காட்டும் முன்னோடியாக மாற்றுவதில் முன்னுக்கு வந்தது, 300 நானோமோலாரில். இப்போது அதே வேலைக்கு பிடிபியூ அல்லது டிபிபி என்ற இரண்டைப் பயன்படுத்துகிறார்கள், 200 முதல் 500 நானோமோலார் வரை. செயல்திறனில் பெரிய வேறுபாடு இல்லை, எது சீராகக் கிடைக்கிறதோ அதை வாங்கலாம். ஆனால் பிடிபியூ என்பது ஃபோர்பால் எஸ்டர், கட்டி வளர்ச்சியைத் தூண்டும் குடும்பம். தூளாக வாங்கி எடைபோடுவதைவிடக் கரைசலாக வாங்குவதே மேல். இந்த ஒரு குப்பிக்குக் கூடுதல் செலவு செய்வதில் தவறே இல்லை.

ஐந்தாம் கட்டம்: மூன்று குப்பிகள் சேர்ந்து

இங்கேதான் முன்னோடிச் செல் ஹார்மோன் செல்லாக மாறுகிறது, இங்கேதான் அதிகக் குப்பிகளும் திறக்கின்றன. காமா செக்ரிடேஸ் தடுப்பான் எண் 21, 1 மைக்ரோமோலார். ஆல்க்5 தடுப்பான், 10 மைக்ரோமோலார். டி3 என்ற தைராய்டு ஹார்மோன், 1 மைக்ரோமோலார். கூடவே சான்ட்-1, ரெட்டினாயிக் அமிலம், பீட்டாசெல்லுலின் புரதம்.

காமா செக்ரிடேஸ் தடுப்பான் நாட்ச் சமிக்ஞையை நிறுத்துகிறது. நாட்ச் நின்றால் என்ஜிஎன்3 எழும். அதாவது, "இன்னும் பெருகாதே, இனி வேலைக்குப் போ" என்று செல்லிடம் சொல்லும் மருந்து. நான்காம் கட்ட முடிவில் பிடிஎக்ஸ்1, என்கேஎக்ஸ்6.1 இரண்டும் சேர்ந்து வந்துவிட்டதா என்று ஃப்ளோ சைட்டோமெட்ரியில் (செல்களை ஒவ்வொன்றாக அளந்து எண்ணும் முறை) பார்க்காமல் இதைச் சேர்த்தால், கலப்பு ஹார்மோன் செல்கள்தான் மிஞ்சும். அரைவாசிகூட வராத பேட்சை அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது. இன்னும் இரண்டு வாரம் ஓட்டினால் தேறிவிடும் என்ற நம்பிக்கைக்கு அடிப்படையே இல்லை.

ஆல்க்5 தடுப்பானைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதன் கதை ஐந்தாண்டில் தலைகீழானது. டிஜிஎஃப்-பீட்டா என்ற வளர்ச்சிப் புரதத்தின் ஏற்பியைத் தடுக்கிறது, ஹார்மோன் செல்கள் பெருக உதவுகிறது. 2014 முறைகள் இரண்டிலுமே இது கடைசிக் கட்டம் வரை தொடர்ந்தது. 2019-இல் ஜெஃப்ரி மில்மன் குழு கடைசிக் கட்டத்தில் இதை நிறுத்திப் பார்த்தது. குளுக்கோஸ் ஏறியதும் முதலில் ஒரு வேகமான பாய்ச்சல், அதற்குப் பின் நிதானமான இரண்டாம் சுரப்பு என்று, உண்மையான கணையத் திட்டில் (பீட்டா செல்கள் கூடியிருக்கும் சிறு கூட்டம்) வரும் ஒழுங்கு அப்போதுதான் வந்தது. முதிர்ந்த செல்லுக்கு டிஜிஎஃப்-பீட்டா சமிக்ஞை தேவை, நாம் அதன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம். இன்னும் பழைய நெறிமுறையின் பிரதியைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கும் ஆய்வகங்கள் ஆறாம் கட்ட வரியை அடித்துத் திருத்த வேண்டும். செல்லில் இன்சுலின் நிறைய இருக்கிறது, குளுக்கோஸ் கொடுத்தால் அசைவில்லை என்றால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த மருந்தை.

டி3-ஐ ஒரு வரியில் முடிக்கலாம்: முதிர்ந்த பீட்டா செல்லுக்கு உரிய மாஃப்ஏ புரதம் எழ உதவுகிறது, மலிவு, வாங்குங்கள்.

இந்தக் கட்டத்தில் வரும் இன்னொரு தொல்லை டிஎம்எஸ்ஓ. எல்லா மருந்தையும் 1 மில்லிமோலாரில் கரைத்து வைத்திருந்தால், 10 மைக்ரோமோலார் ஆல்க்5 தடுப்பானுக்கு மட்டுமே ஊடகத்தில் 1 சதவீத டிஎம்எஸ்ஓ சேர்ந்துவிடும். மற்றவற்றையும் கூட்டினால் இன்னும் ஏறும். டிஎம்எஸ்ஓ வெறும் கரைப்பான் அல்ல. வேறுபடுத்தலைத் தொடங்குவதற்கு முன் 1 முதல் 2 சதவீதம் கொடுத்தாலே ஸ்டெம் செல்லின் செல் சுழற்சி மாறி, பிற்பாடு வேறுபடும் திறன் கூடுகிறது என்று 2013-இல் காட்டியிருக்கிறார்கள். அவ்வளவு வலுவான பொருளைத் தெரியாமல் சேர்க்கக் கூடாது. இந்த மூன்று மருந்துகளையும் 10 மில்லிமோலாரில் கரைத்தால் இவற்றால் சேருவது சுமார் 0.12 சதவீதத்தோடு முடியும். மருந்தில்லாத ஒப்பீட்டுத் தட்டுக்கும் அதே அளவு டிஎம்எஸ்ஓ கட்டாயம் சேருங்கள்.

லாட்ரன்குலின்-ஏ: இந்த மதிப்பீட்டின் நட்சத்திரம்

செங்கடலில் வாழும் ஒரு கடற்பஞ்சிலிருந்து கிடைத்தது. ஆக்டின் இழைகள் சேராமல் தடுக்கிறது. இதற்கும் கணையத்துக்கும் என்ன தொடர்பு என்று தோன்றலாம். தட்டில் ஒட்டிப் பரந்து கிடக்கும் செல்லின் ஆக்டின் சட்டகம் இறுகியிருக்கிறது. அந்த இறுக்கம் என்ஜிஎன்3 எழவிடாமல் பிடித்து வைக்கிறது. உருண்டையாக வளர்த்தால் இறுக்கம் தளரும், அதனால்தான் முன்பு தட்டில் செய்தவர்களுக்குச் சரியாக வரவில்லை, குடுவையில் செய்தவர்களுக்கு வந்தது. 2020-இல் ஐந்தாம் கட்டத்தின் முதல் 24 மணி நேரம் மட்டும் 1 மைக்ரோமோலார் லாட்ரன்குலின் கொடுத்து, தட்டிலேயே அந்த இறுக்கத்தைத் தளர்த்திக் காட்டினார்கள். சுழல்குடுவையும் மோட்டாரும் இல்லாத ஆய்வகத்துக்கு இது பெரிய உதவி.

நுண்ணோக்கியில் பார்த்தாலே தெரியும். காலையில் தட்டையாக, ஓரம் ஓரமாக இழுபட்டுக் கிடந்த விரிப்பு மறுநாள் சுருங்கி, செல்கள் தனித்தனியே உருண்டு, இடையிடையே இடைவெளி விட்டு நிற்கும். அந்த நேரத்தில் தட்டை வேகமாகச் சாய்த்தாலோ ஊடகத்தை நடுவில் ஊற்றினாலோ விரிப்பு பாளம் பாளமாகப் பிய்ந்துவரும். ஓரத்துச் சுவரில் வழியவிட்டு மெதுவாக ஊற்றுங்கள். மருந்தை எடுத்த பிறகு ஆக்டின் திரும்பக் கட்டிக்கொள்ளும், விரிப்பும் மறுபடி சேர்ந்துவிடும். இரண்டாம் நாளும் விட்டுவைத்தால் ஒட்டியிருக்கும் பிடியே போய்விடும்.

குப்பி பெரும்பாலும் 100 மைக்ரோகிராம்தான், அதுவும் தூளாக இல்லாமல் கண்ணாடியின் உட்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டியிருக்கும். காலிக் குப்பி வந்துவிட்டது என்று நினைத்துத் திருப்பி அனுப்பாதீர்கள். 237 மைக்ரோலிட்டர் டிஎம்எஸ்ஓ விட்டு, குப்பியைச் சாய்த்து உருட்டி, சுவர் முழுக்க நனைத்தால் 1 மில்லிமோலார். ஆயிரத்தில் ஒரு பங்கு என்று பார்த்தால் ஒரு குப்பி 237 மி.லி. ஊடகத்துக்கு வரும், ஒரே நாள் பயன்பாடு என்பதால் பல பேட்ச்களுக்குத் தாங்கும்.

கடைசிக் கட்டத்துச் சேர்க்கைகள்

ஆர்428 2 மைக்ரோமோலார், என்-அசிட்டைல் சிஸ்டீன் 1 மில்லிமோலார், துத்தநாக சல்பேட் 10 மைக்ரோமோலார். ஏழு கட்ட முறையில் செல் முதிர்வதற்காகச் சேர்த்தவை. உதவுகின்றன, ஆனால் அளவோடு. தட்டுவழி முறையின் ஆறாம் கட்டத்தில் இந்த மருந்துகளே இல்லை, செறிவூட்டிய சீரமில்லா ஊடகம் மட்டும்தான். அப்படியும் செல் நன்றாகவே முதிர்கிறது. புதிதாகத் தொடங்குபவர்கள் ஆர்428-ஐ இப்போதைக்குத் தள்ளிப்போடலாம். என்-அசிட்டைல் சிஸ்டீன் அமிலத் தன்மை உடையது, கலந்ததும் ஊடகம் மஞ்சளுக்குப் போகிறதா என்று பாருங்கள், போனால் காரம் விட்டு அமிலநிலையைச் சரிசெய்த பிறகே செல்லுக்குக் கொடுங்கள்.

எந்த வேதிப்பொருளாலும் இன்னும் தீராத குறை ஒன்று உண்டு. கடைசியில் கிடைப்பது பீட்டா செல் மட்டும் அல்ல. ஆல்ஃபா போன்ற செல்களும், குடலில் செரடோனின் சுரக்கும் வகைச் செல்களும் கலந்தே வருகின்றன. 2019-இல் ஒற்றைச் செல் ஆர்என்ஏ வரிசைப்படுத்தல் இதைத் தெளிவாகக் காட்டியது, சிடி49ஏ என்ற மேற்பரப்புப் புரதத்தை வைத்துப் பீட்டா செல்லைப் பிரித்தெடுக்கும் வழியையும் அதே ஆய்வு தந்தது. இந்தத் தொகுப்பில் எங்களுக்கு உள்ள பெரிய அதிருப்தி இதுதான். செரடோனின் பக்கம் போகும் வழியை முழுக்க அடைக்கும் குப்பி ஒன்று இன்னும் கைக்கு வரவில்லை.

வெற்றியை எப்படி அளப்பது

இன்சுலின் ஆன்டிபாடி போட்டுப் பச்சையாகத் தெரிகிறது என்பதை மட்டும் நம்பாதீர்கள். ஊடகத்தில் சேர்த்த இன்சுலினைச் சாகும் செல்கள் உறிஞ்சி வைத்துக்கொண்டு ஏமாற்றும். இன்சுலின் உருவாகும்போது கூடவே பிரிந்து வரும் துண்டான சி-பெப்டைடை அளந்தால்தான் அது செல்லே தயாரித்த இன்சுலின் என்று உறுதியாகும். அதோடு என்கேஎக்ஸ்6.1-உம் சேர்ந்து வர வேண்டும். பிறகு கிரெப்ஸ் என்ற உப்புக் கரைசலில் ஒரு மணி நேரம் குறைந்த குளுக்கோஸ், சுமார் 2 மில்லிமோலார், அடுத்து ஒரு மணி நேரம் 20 மில்லிமோலார், கடைசியில் 30 மில்லிமோலார் பொட்டாசியம் குளோரைடு. பொட்டாசியத்துக்கு மட்டும் சுரந்து குளுக்கோஸுக்குச் சுரக்காத செல்லில் இன்சுலின் இருப்பு இருக்கிறது, உணரும் திறன்தான் வரவில்லை. அப்போது திரும்பிப் பார்க்க வேண்டியவை ஆறாம் கட்டத்தின் நாட்கணக்கும் உருண்டையின் அளவும். உருண்டை மிகப் பெரிதானால் நடுவில் உள்ள செல்களுக்கு ஆக்சிஜன் போகாது. பிரித்து மறுபடி சின்ன உருண்டைகளாகச் சேர்த்தால் பதில் மேம்படும்.

வாங்குமுன் ஒரு வார்த்தை

பகுப்பாய்வுச் சான்றில் நான்கைப் பாருங்கள்: தூய்மை 98 சதவீதத்துக்கு மேலா, உப்பு வடிவம் எது, அந்த லாட்டின் மூலக்கூறு எடை எவ்வளவு, எந்தத் தேதியில் சோதித்தது. புதிய லாட் வந்தால் பழைய லாட்டோடு பக்கத்தில் வைத்து ஒரே ஒரு தட்டில் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுங்கள், பழையது முழுக்கத் தீரும்வரை புதியதைத் திறக்கக் காத்திருக்காதீர்கள்.

இந்தக் குப்பிகள் எல்லாவற்றிலும் ஆய்வகப் பயன்பாட்டுக்கு மட்டும் என்று எழுதியிருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அல்லது அவர்கள் வீட்டார் இதைப் படித்தால் அந்த வரியை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டுகிறோம். இவற்றை உட்கொண்டால் கணையத்தில் பீட்டா செல் முளைக்காது. தட்டில் 24 மணி நேரத்தில் கழுவி எடுக்கும் மருந்தை உடம்பிலிருந்து அப்படிக் கழுவி எடுக்க முடியாது, ஒவ்வொன்றும் உடம்பின் வேறு பத்து உறுப்புகளையும் தொடும். பலன் வேறு வழியில் வந்துகொண்டிருக்கிறது. ஸ்டெம் செல்லிலிருந்து செய்த திட்டுகளைக் கல்லீரல் நுழைசிரை வழியே செலுத்திய சிகிச்சைச் சோதனையில், முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேர் ஓராண்டு முடிவில் இன்சுலின் ஊசி இல்லாமல் இருந்தார்கள் என்று 2025-இல் வெளியானது. அவர்கள் நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்தைத் தொடர்ந்து எடுக்க வேண்டியிருக்கிறது. 2024-இல் வெளியான சீன ஆய்வில், நோயாளியின் சொந்தச் செல்லையே வேதிப்பொருள்களால் ஸ்டெம் செல்லாக்கி, அதிலிருந்து திட்டு செய்து, வயிற்றுத் தசை உறைக்கு அடியில் வைத்தார்கள். 75 நாட்களில் அவருக்கு இன்சுலின் ஊசி நின்றது.

குறைந்த கையிருப்பில் தொடங்குவதானால் எங்கள் வரிசை இது: ஒய்-27632, சிர்-99021, சான்ட்-1, ரெட்டினாயிக் அமிலம், எல்டிஎன் உப்பு, பிகேசி தூண்டி ஒன்று, காமா செக்ரிடேஸ் தடுப்பான், ஆல்க்5 தடுப்பான், டி3, லாட்ரன்குலின். ஒவ்வொரு குழாயின் மூடியிலும் சேர்க்கும் நாளோடு எடுக்கும் நாளையும் நேரத்தையும் சேர்த்து எழுதி ஒட்டுங்கள், முன்னோ பின்னோ இரண்டு மணி நேரத்துக்கு மேல் பிசகாதபடி.